சுறாவுக்குத்தான் தீர்ப்பு என்று பேசி வைத்திருந்தோம்

1.
இந்தக் கதை ஒரு பட்டிமன்ற நோட்டீஸிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அவனியாபுரம் பொங்கல் விழா. தலைப்பு: ‘வாழ்வில் வெல்ல வழிகாட்டுவது சுறாவா? பச்சோந்தியா?’ நடுவர், நான். மதுரையை விட்டு அதிகம் நகராத எனக்குச் சுறாவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் யூடியூப் தயவு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஆழ்கடலின் அமைதியைக் கிழித்துக்கொண்டு ஒரு பெருஞ்சுறா…’

(வேண்டாம். எங்கள் பக்கம் கண்மாய்தான் இருக்கிறது.)

2.
விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அருள்பாண்டி போன் செய்தார். விழாக் குழுத் தலைவர். போன மாதம் கட்சி மாறியவர். அவரை இளவட்டங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது தலைப்பைப் பார்த்தாலே புரியும். தலைப்பை வைத்ததும் அவர்கள்தான். நோட்டீஸ் அச்சாகி வந்த பிறகே இவர் பார்த்திருக்கிறார்.

“அண்ணே, பச்சோந்தி பக்கம் பேசுறது என் தங்கச்சி தாமரைச்செல்வி. அது ஜெயிச்சா ஊரே என்னையக் காட்டிச் சிரிக்கும். தீர்ப்பச் சுறாவுக்கே குடுத்துருங்கண்ணே.”

“சரி தம்பி” என்றேன்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தீர்ப்பை முன்கூட்டியே பேசி வைப்பது எனக்குப் புதிதல்ல. இருபது வருடமாக அப்படித்தான். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.)

3.
தாமரைச்செல்வி உசிலம்பட்டியில் கணக்கு டீச்சர். அவருக்கு இதுதான் முதல் மேடை. எனவே குரல் நடுங்கியதாக எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. நடுங்காமல்தான் பேசினார்.

“பெரிய சுறாவ மேலயிருந்து பாத்தா கடல் மாதிரி கருப்பு. கீழயிருந்து பாத்தா வானம் மாதிரி வெள்ளை. பக்கத்துல வார வரைக்கும் தெரியாது. அம்புட்டு வேசம் அதுக்கு. பச்சோந்திய நான் கீழக்குயில்குடியில பாத்தேன். வேலியோரம் நாலு பேரு அதக் கல்லால அடிச்சாங்க. பச்சையா இருந்தது கரும்புள்ளியா ஆயிருச்சு. பயத்துலங்க. பயந்தா அதுக்கு மறைக்கத் தெரியாது.”

கூட்டம் அருள்பாண்டியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. தாமரைச்செல்வி சிரிப்பு அடங்கும் வரை நின்றார்.

“எங்க அண்ணனும் பயந்துதான் மாறுனாரு. எதுக்குப் பயந்தாருன்னு இந்த ஊருல ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல.”

(இந்தக் கதையைக் கொஞ்சம் விலகி நின்று எழுதுவதாகத் திட்டம். இந்த இடத்தில் மட்டும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன்.)

4.
முடிவு அ: அருள்பாண்டி எழுந்து வெளியே போய்விடுகிறார்.

முடிவு ஆ: மேடையேறித் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு… (சீ. டிவி சீரியல்.)

நடந்தது இதுதான். அவர் மேடையோரமாக வந்து என் காதருகே குனிந்தார்.

“அண்ணே, நான் சொன்னத விட்ருங்க. ஒங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் சொல்லுங்க.”

மைக்கைப் பிடித்தேன். எனக்கு எது சரியென்று படுகிறது? இருபது வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. தேடிப் பார்த்தேன், உள்ளே ஒன்றுமே இல்லை. தாமரைச்செல்வி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனும்தான்.

அன்று என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். சொல்வதற்கு முன் பக்கத்தில் யார் முகத்தையும் பார்க்காதீர்கள்.