மூன்று கணவாயும் ஒரு ஜோடி பூட்ஸும்

"பஸ் கிடையாது, குறுக்கு வழி கிடையாது, மூணு கணவாயும் ஏறி இறங்கி..."

"அதையேதான் நானும் சொல்றேன், நடுவுல நீ கால் வலிக்குதுன்னு உக்காந்துட்டா..."

"நான் எதுக்கு உக்காரப் போறேன்? சர்ச்சுல சாயங்கால மணி ஓயறதுக்குள்ள இதே தொட்டியில வந்து கை வைக்கறேனா இல்லையா பாரு!"

"வெச்சா நான் வாயே திறக்கலை. வெக்கலைன்னா, மெங்கியா, பனி விழறதுக்கு முன்னாடி பெட்டி படுக்கையோட என்கூட கூர் நகரத்துக்கு வந்துடணும். வீட்டை வித்துடறோம்."

"சரி."

"சரின்னா சரி!"

அக்காவும் தங்கையும் ஊர்த் தண்ணீர்த் தொட்டி அருகே நின்று இப்படிக் கத்திக்கொண்டதில், எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடிக்கொண்டது. வெயில் அப்போதுதான் மலை உச்சிகளை எட்டியிருந்தது.

போன குளிர்காலத்தில் மெங்கியா தன் வீட்டு வாசல் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அன்று பிடித்தது இந்த வீட்டை விற்கும் பேச்சு. நகரத்தில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் தனியாக இருக்கும் அக்கா பார்ப்லினா, போனை எடுத்தால் வேறு பேச்சே பேசுவதில்லை. அப்பா விட்டுப்போன வீடு. இருவருக்கும் பாதிப் பாதி. அறுபத்து நாலு வயதில் அந்த வீட்டைவிட்டுப் போவதென்றால், தன்னை வேரோடு பிடுங்கி ஜாடியில் வைத்ததுபோல்தான் என்பது மெங்கியாவின் எண்ணம். 'எனக்கு உடம்பில் தெம்பில்லையா? ஊரைச் சுற்றி வரும் மூன்று கணவாய்ப் பாதையை ஒரே நாளில் முடித்துக் காட்டுகிறேன்' என்று பந்தயம் கட்டியது அவள்தான். பார்ப்லினா அவள் சொல்லை நம்பாமல், கண்ணால் பார்க்கக் கூடவே நடக்க வந்துவிட்டாள்.

"ராத்திரி தூக்கமே இல்லை," என்று லார்ச் மரக்காட்டில் ஏறும்போது பார்ப்லினா முணுமுணுத்தாள். "அந்த மேல் ரூம்ல எலிங்க ஓட்டப்பந்தயம் விடுது. மனுஷங்க இருக்கற வீடா அது?"

"எலிகூட இல்லாத வீட்டுலதானே நீ இருக்கே."

"இந்த பூட்ஸும் ஆளைக் கொல்லுது. புதுசு வாங்கறேன்னேன், கேட்டியா?"

"எதுக்கு வாங்கணும்? பரண்ல உன் பழைய ஜோடி கல்லு மாதிரி கிடந்துது. கொழுப்புத் தடவி மினுமினுன்னு வெச்சேனே!"

"கல்லு மாதிரிதான் இருக்கு. அதைத்தான் சொல்றேன்."

முதல் கணவாயில் காற்று தொப்பியைப் பிடுங்கியது. மேலே வந்தால் கை கொடுத்துக்கொள்ள வேண்டும், கையோடு கொண்டுவந்த வாதுமைக்கொட்டைப் பணியாரத்தில் ஒரு துண்டைப் பிட்டுத் தின்ன வேண்டும், அது ஊர் வழக்கம். கோர்ட்டில் வழக்காடுகிறவர்கள்கூட அங்கே அதைச் செய்யாமல் இறங்கமாட்டார்கள். பார்ப்லினா வரி கேட்டு வந்தவருக்கு நீட்டுவதுபோல விரல் நுனியை மட்டும் நீட்டினாள். பணியாரத்தில் மட்டும் பெரிய பாதியை எடுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஏரிகள். ஒன்றின் கரையில் ஏறினால் இன்னொன்று, நீலத்தைக் கரைத்து ஊற்றிய மாதிரி. பாறை இடுக்குகளில் மர்மோட் என்னும் மலை அணில்கள் விசிலடித்தன. எதிரே வந்த ஒரு ஜோடி "அலெக்ரா!" என்று அந்த மலைப்பக்கத்து வணக்கம் சொன்னது, "அலெக்ரா!" என்று பார்ப்லினா மலையே திரும்பிச் சொல்லுமளவுக்குக் கத்தினாள். இரண்டாம் கணவாய்க்குக் கீழே, நிழலில் கோடையிலும் கரையாத பனித்திட்டு ஒன்று கிடந்தது. மெங்கியாவின் பிடரியில் ஏதோ சில்லென்று வெடித்தது.

"அக்கா! வயசு என்ன உனக்கு?"

"கீழே இறங்கினதும் சொல்றேன்!"

இரண்டாம் கணவாயில் பார்ப்லினா முழுக் கையையும் கொடுத்தாள்.

இறங்கத் தொடங்கிச் சற்று தூரம்கூடப் போகவில்லை. 'சப்' என்று ஒரு சத்தம். மறுபடி 'சப்'. வலது பூட்ஸின் அடிப்பாகம் வாயைத் திறந்து நாக்கைத் தொங்கப்போட்டிருந்தது. பார்ப்லினா அதைப் பார்க்கக் குனிந்தபோது இடது பூட்ஸும் அண்ணன் வழியே போயிற்று. மெங்கியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதை எடுத்துக் கொடுத்தது தான்தான் என்று நினைவு வரும்வரைதான் அந்தச் சிரிப்பு.

வருடக்கணக்கில் பரணில் கிடந்த பூட்ஸின் பசை செத்துப்போகும் என்பது இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். மெங்கியாவுக்கும் தெரியும். கடையில் புது ஜோடியின் விலைச்சீட்டைப் பார்த்தபோதுதான் மறந்துபோயிற்று.

பார்ப்லினா தட்டுத்தடுமாறிப் பள்ளத்தாக்கின் மாட்டுக்கொட்டிலுக்கு வந்து சேர்ந்தாள். கோடை முழுக்க அங்கே தங்கி மாடு பார்த்துப் பாலாடைக்கட்டி செய்யும் ஃப்ளூரின், வாசலுக்கு வந்து பூட்ஸைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"எப்போ உயிர் போச்சு?"

"வாயை மூடுடா," என்றாள் மெங்கியா. "பஸ் எப்போ?"

"இதோ, கீழே ரோட்ல வந்துடும். அத்தை, நீங்க எதுக்கு அழறாப்ல நிக்கறீங்க?"

"நான் அழலை." மெங்கியா அக்கா பக்கம் திரும்பினாள். "நீ பஸ்ல போ. உன்னை இப்படி விட்டுட்டு நான் தனியா சுத்த மாட்டேன், நானும் வரேன். நீ ஜெயிச்சுட்டே. என் கஞ்சத்தனத்தால நானே தோத்தேன்."

பார்ப்லினா கல்லில் உட்கார்ந்து, தொங்கும் அடிப்பாகத்தைக் கையால் ஆட்டிப் பார்த்தாள். கீழே வளைவில் மஞ்சள் பஸ் மூன்று சுருதியில் ஹாரன் அடித்தது. அவள் தலையைத் திருப்பவில்லை. மூன்றாம் கணவாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃப்ளூரின், வைக்கோல் கட்டற கயிறு இருக்கா?"

"இருக்காவா? இந்தக் கொட்டிலே அதுலதான் நிக்குது."

"அக்கா, பஸ்ல ஏறினா நீ ஜெயிச்சுடுவே. புரியுதா?"

"எனக்கு எல்லாம் புரியுது. இந்த வயசுல போயும் போயும் ஒரு பூட்ஸுகிட்ட தோக்கறதா? வாயை மூடிக்கிட்டு இறுக்கிக் கட்டு."

ஆரஞ்சு நிறக் கயிறு குதிகாலிலிருந்து விரல்வரை சுற்றிச் சுற்றி ஏறியது. ஃப்ளூரின் கடைசி முடிச்சுக்குப் பல்லை உபயோகித்தான். "பரிசுக்கு அலங்கரிச்ச பசு மாதிரி இருக்கீங்க," என்று அவன் சொன்னதற்கு, பார்ப்லினா ஒரு "மா" கொடுத்துவிட்டு நடந்தாள்.

மூன்றாம் ஏற்றத்தில் இருவரும் சரளைக்கல்லில் ஓரடி ஏறி அரையடி சறுக்கினார்கள். ஒருமுறை தங்கை அக்காவை இழுத்தாள், ஒருமுறை அக்கா தங்கையின் பின்புறத்தைத் தோளால் தள்ளினாள். மேலே போனதும் பார்ப்லினா பிடித்த கையை விடவேயில்லை. கடைசித் துண்டுப் பணியாரத்தை ஒற்றைக் கையால்தான் தின்றார்கள்.

முதல் வீடுகள் தெரியும்போது மணி அடிக்கத் தொடங்கியது.

"ஓடு!" என்றாள் பார்ப்லினா.

கயிறு அவிழ்ந்து பின்னால் இழுபட, ஆட்டுக்குட்டிகள் மாதிரி இருவரும் சந்துக்குள் ஓடிவந்தார்கள். மணியின் கடைசி ரீங்காரம் இருக்கும்போதே நான்கு கைகளும் தண்ணீரில் விழுந்தன. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, "அலெக்ரா!" என்று கைதட்டியது.

மெங்கியா மூச்சு வாங்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். தொட்டிக்குப் பக்கத்திலேயே வீடு தன்னுடையதாக நின்றது.

பார்ப்லினா செத்த பூட்ஸைக் கழற்றி, துணி துவைக்கும் கீழ்த்தொட்டியில் கால்களை விட்டு "ஆஆ" என்றாள். அண்ணாந்து வெகுநேரம் அந்த மேல் அறையின் ஜன்னலையே பார்த்தாள். மலையின் சிவப்பு வெளிச்சம் கண்ணாடியில் கிடந்தது.

"ஏன்டீ மெங்கியா," என்றாள், "அந்த எலிங்களை விரட்டிட்டா, என் பெரிய அலமாரி அந்தப் படியில ஏறுமா?"