கோபக்காரக் குழாய்

“வண்டி கவுந்தா நம்ம தலை எங்க இருக்கும்ப்பா?”

விஞ்ஞானியின் ஏழு வயது மகள் இப்படிக் கேட்டது, பழைய ஜீப்பின் அடிச்சட்டத்தை வீட்டுக்குப் பின்னால் இறக்கி வைத்த அன்று. மேலே கூரை கிடையாது, பக்கத்தில் கதவு கிடையாது. இரண்டு இருக்கைகளும் ஒரு ஸ்டியரிங்கும் மட்டும் அனாதையாக நின்றன. அவள் இடப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்து, தலைக்கு மேலே கையால் துழாவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அதுக்குத்தான் குழாயால கூண்டு கட்டப்போறேன். உலகத்துலயே உசத்தியான குழாய்” என்றார் அப்பா. உசத்தி என்ற சொல்லில் குழந்தையின் பயம் அடங்கிவிட்டது. அவருக்கோ அது அன்றைக்குப் பிடித்த கிறுக்கு.

விஞ்ஞானி என்பது அவர் படித்து வாங்கிய பட்டமல்ல. அவர் ஒரு மருந்து கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு மிக்ஸியைப் பிரித்து மாட்டி, நாலு திருகாணிகளை மிச்சம் வைத்தபோது மைத்துனன் கிண்டலாக வைத்த பெயர் அது. நாலு திருகாணி குறைந்தும் மிக்ஸி ஓடியதால், அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். அன்று முதல் கையில் அழுக்குப்பட வேலை செய்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு இளக்காரம். மெக்கானிக் என்றால் கைப்பழக்கம், கொத்தனார் என்றால் குத்துமதிப்பு. ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்து பிழைக்கும் மைத்துனனோ அவர் கணக்கில் மனுஷ ஜாதியிலேயே கடைசிப் படி.

ஆனால் இரண்டு ஆள் நீளக் குழாய்களை ஏற்றிவர வண்டி வேண்டுமே. மைத்துனனிடம்தான் சரக்கு வேன் இருந்தது. அதனால் இரும்புக் கடைக்கு அவனையும் கூட்டிப்போனார்.

கடை நீளமான தகரக் கொட்டகை. இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கிகளில் குழாய்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. கடைக்காரர் காதில் பென்சிலோடு வந்தார்.

“என்ன வேணும் சார்?”

“வண்டி உருண்டா உள்ள இருக்கிற ஆளை நசுக்காம காப்பாத்துற கூண்டுக்குக் குழாய். மேடு, பள்ளம், பாறைன்னு ஓட்டுற வண்டி. சொன்னா உங்களுக்குப் புரியாது. அளவு சொல்றேன், எழுதிக்கங்க.”

“புரியலைன்னாலும் குழாய் இருக்கு சார், வாங்க” என்றார் கடைக்காரர்.

முதல் தாங்கியில் துத்தநாகம் பூசிய குழாய்கள் வெள்ளை வெளேரென்று மின்னின. விஞ்ஞானியின் கண் அங்கே ஒரு கணம் நின்றதைக் கடைக்காரர் பார்த்துவிட்டார்.

“அது தண்ணி போறதுக்கு சார். அதுல கூண்டு கட்டினா கிளி வளர்க்கலாம். வெல்டிங் பத்த வைக்கும்போது வர்ற புகையும் நெஞ்சுக்கு ஆகாது.”

“அது எனக்குத் தெரியாதா?” என்று விறைத்தார் விஞ்ஞானி. தெரியாது.

அடுத்த தாங்கியில் மைத்துனன் ஒரு குழாயின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவினான். “தகட்டைச் சுருட்டித் தைச்சது. உள்ள மேடு தட்டுது. வேணாம்.” அதற்கடுத்த தாங்கியில் எண்ணெய்க் கறுப்பாகக் கிடந்த ஒன்றிலும் விரலை விட்டான். பிறகு சட்டைப்பையிலிருந்து அளவுக் கருவியை எடுத்து, வெட்டுவாயில் நாலு பக்கமும் கனம் பார்த்தான்.

“தையல் இல்லாத குழாய். நாலு பக்கமும் சொல்லிவச்ச மாதிரி மூணு மில்லி. இதை எடுங்க அத்தான்.”

“இது சாதா இரும்புடா.”

“சாதா இரும்புதான்.”

“எவனாவது பந்தய வண்டியைச் சாதா இரும்புல கட்டுவானா? ஜன்னல் செய்யறவன்கிட்ட யோசனை கேட்டா ஜன்னல்தான் கிடைக்கும். நீ வேனைத் திருப்பி நிறுத்து, போ.”

மைத்துனன் சிரித்துக்கொண்டே நகர்ந்தான். அவனுக்கு இந்த மாதிரிப் பேச்சு பழகிப்போனது. அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் ஆயிற்றே.

விஞ்ஞானி தேடி வந்தது கடைசியில் இருந்தது. எண்ணெய்த்தாள் சுற்றிய, குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாய். கனம் இரண்டு மில்லிதான், ஆனால் வலு அதிகம், எடை குறைவு. விலையைக் கேட்டால் தலை சுற்றும். அவர் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார்.

“பத்தவைக்கிறது யாரு சார்?” என்றார் கடைக்காரர்.

“நான்தான். சொந்த மெஷின் இருக்கு.”

கடைக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார். “சார், நான் பாட்டுக்கு வித்துட்டுப் போயிடலாம். மனசு கேக்கல. இது கோபக்காரக் குழாய். சூடாக்கினா பதமா ஆற விடணும். அவசரப்பட்டா ஒட்டின இடத்துக்குப் பக்கத்துலயே மொறுமொறுன்னு ஆயிடும். தெரிஞ்ச ஆள் செஞ்சா தங்கம். வீட்டுல செய்யறதுக்கு அந்தத் தம்பி காட்டினதே போதும். அடிச்சா வளையும், உடையாது.”

“வளையற குழாயை வாங்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?” என்று விஞ்ஞானி கேட்ட தோரணையில், அந்தக் கொட்டகையிலிருந்த அத்தனை குழாயும் கூனிக் குறுகியிருக்க வேண்டும்.

வேன் கிளம்பும்போது கடைக்காரர் சாதாக் குழாயில் முழ நீளக் கழிவுத் துண்டுகள் இரண்டை மைத்துனனிடம் கொடுத்தார். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அடுத்த பத்து நாளும் வீட்டுக்குப் பின்னால் ஒரே தீப்பொறி. குழாயை வளைத்துக் கொடுத்தது ஒரு பட்டறை. ஒட்டியதெல்லாம் விஞ்ஞானி. அவருக்கு ஒரு அவசரம் இருந்தது. அந்தப் பத்து நாள் முடிகிற ஞாயிற்றுக்கிழமை பழைய கல்குவாரிச் சரிவில், மேடு பள்ளத்தில் ஜீப் ஓட்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் அவருடைய கூட்டாளிகள் எல்லோரும் கூடுகிறார்கள். இடப்பக்க இருக்கையில் மகளை உட்கார வைத்து அந்தச் சரிவில் இறங்குவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அவளும் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஆகவே ஒவ்வொரு ஒட்டும் சிவப்பு மாறுவதற்குள் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து அதன்மேல் ஊற்றுவார். உஸ்ஸென்று ஆவி கிளம்பும். உடனே கைவைத்து அடுத்த குழாயைப் பொருத்தலாம். நேரம் மிச்சம்.

சனிக்கிழமை மத்தியானம் வந்த மைத்துனன் இதைப் பார்த்துவிட்டு, கூண்டின் கீழே நனைந்துகிடந்த மண்ணைக் குனிந்து தொட்டுப் பார்த்தான்.

“அத்தான், எல்லா ஒட்டுக்கும் தண்ணியா?”

“ஆமா. ஏன், உங்க ஜன்னல் சங்கத்துல அனுமதி வாங்கணுமா?”

அவன் வேனை எடுத்துக்கொண்டு போனான். போன வேகத்தில், தன் பட்டறையிலிருந்து, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பெரிய வைஸை வேனில் போட்டு எடுத்துவந்து, கொல்லைப்புறத்துக் கல்மேடையில் முடுக்கினான். அவன் பட்டறையில் ஒரு ஆஸ்பத்திரிச் சாய்வுப்பாதைக்கான கைப்பிடிக் கம்பிகள் பாதியில் கிடந்தன. திங்கள்கிழமை காலை கொடுத்தாக வேண்டும். “அந்த வேலையை விட்டுட்டு இங்க என்னடா பண்றே?” என்று அவன் அக்கா அடுக்களை ஜன்னலிலிருந்து கேட்டாள். “ராத்திரி உக்காந்து முடிச்சிடுவேன்க்கா” என்றான்.

“அத்தான், உங்க குழாய்ல மிச்சத் துண்டு இருந்தா ஒரே ஒரு ஒட்டு போடுங்க. நீங்க வழக்கமா போடுற மாதிரியே. இதுல மாட்டி வளைச்சுப் பாத்துடலாம்.”

“பரீட்சையா? எனக்கா?”

“உங்களுக்கு இல்ல. குழாய்க்கு.”

சரி, இவன் வாயை அடைத்துவிடலாம் என்று விஞ்ஞானி இரண்டு துண்டுகளை ஒட்டினார், தண்ணீர் ஊற்றினார். மைத்துனன் கடைக்காரர் கொடுத்த கழிவுத் துண்டுகளை ஒட்டி, மண்ணில் வைத்து, அது தானாக ஆறும்வரை டீ குடித்தான்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். காய்கறி வாங்கப் போகிற வண்டியிலும் மண்வெட்டியும் கயிறும் கட்டி வைத்திருக்கும் ரகம். வைஸைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார்கள்.

“ஆகா, உடைச்சுப் பாக்கப்போறீங்களா? இருங்க, வீடியோ எடுக்கிறேன்.”

மைத்துனன் வைஸின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். விஞ்ஞானியின் முகத்தையும் ஒருதரம் பார்த்தான்.

“சே, வைஸோட பல்லு தேஞ்சிருக்கு. பிடிக்காது. இன்னைக்கு ஆகாது சார்” என்றான்.

“பிடிக்காத வைஸைத் தூக்கிட்டா வந்தே?” என்றார் கூட்டாளி ஒருவர்.

“ஜன்னல்காரர் ஜகா வாங்கிட்டாருப்பா!” என்றார் இன்னொருவர்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது விஞ்ஞானிதான். மைத்துனன் டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

அவர்கள் வண்டிச் சத்தம் தெருமுனையில் ஓய்ந்தபிறகு அவன் கொல்லைக் கதவைச் சாத்தினான். வைஸில் முதலில் தன் துண்டை மாட்டி முடுக்கினான். வைஸ் உடும்பாகப் பிடித்தது. ஒரு நீளக் குழாயைச் செருகி இரண்டு கையாலும் இழுத்தான். துண்டு முனகியது, மடிந்தது, வாழைத்தண்டுபோல் ஒரு பக்கம் சப்பிப்போனது. ஒட்டு விடவில்லை.

“இப்ப உங்களது. நீங்களே இழுங்க அத்தான்.”

விஞ்ஞானி இழுத்தார். வளையவில்லை. “பாத்தியா!” என்று திரும்பி, இன்னும் கொஞ்சம் உந்தினார். சாக்பீஸ் ஒடிகிற சத்தம் கேட்டது. கையிலிருந்த குழாயோடு அவர் பின்னால் போய் விழுந்தார்.

ஒட்டு அப்படியே இருந்தது. அதற்கு ஒரு விரல்கடை தள்ளி, குழாய் வட்டமாக, சுத்தமாக உடைந்திருந்தது. கடைக்காரர் சொன்ன அதே இடம்.

மண்ணில் உட்கார்ந்தபடியே அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். வண்டியின் மேல் கூண்டு பளபளவென்று நின்றது. இருபத்திரண்டு ஒட்டு. இருபத்திரண்டு குவளைத் தண்ணீர். அதன் கீழே இடப்பக்க இருக்கையில் மகள் மதியமே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன சின்னத் தலைக்கவசம். வருஷக்கணக்காகக் கூப்பிடாத கடவுளை அவர் உதடு தானாகவே கூப்பிட்டது.

“வைஸ் நல்லாத்தானே பிடிக்குது?” என்றார்.

“ம்.”

“அப்ப ஏன்டா...”

“அவங்க வீடியோ எடுத்திருப்பாங்க அத்தான்” என்றான் மைத்துனன். அவ்வளவுதான் சொன்னான். அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, அக்காவிடம், “குழாய்ல கோளாறுக்கா, கடையில மாத்தித் தர்றாங்களாம், நாளைக்கு வண்டி போகாது” என்று சொல்லி முடித்துவிட்டான். மகள் அழுதாள். மாமா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றிவந்தான்.

அன்று சாயங்காலமே விஞ்ஞானி கூண்டைத் துண்டு துண்டாக அறுத்துப் போட்டார். யாரும் சொல்லவில்லை. அறுக்க அறுக்க, பரிகாசம் செய்தவர்களோடு சேர்ந்து தான் சிரித்த சிரிப்பு அவர் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை போனை எடுத்தார். அந்தச் சொல் வாய்வரை வந்து திரும்பிப் போனது. பழக்கமில்லாத சொல்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மைத்துனன் வீட்டில் எல்லோரும் பிரார்த்தனைக்குப் போயிருக்கும் நேரம். யாருக்கும் தெரியாமல் விஞ்ஞானி அவன் பட்டறைக்குப் போனார். சாவி நிலைப்படி மேல் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

உள்ளே மரக்கட்டைகள்மேல் ஆஸ்பத்திரிக் கைப்பிடிக் கம்பிகள் வரிசையாகக் கிடந்தன. ராத்திரி கண்விழித்து ஒட்டி முடித்திருந்தான். மெருகு போடத்தான் நேரமில்லை. ஒட்டுகளின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குப் படாமல் விரலுக்கு மட்டும் படுகிற இடத்தில், பிசிறுகள் முள்போல் நின்றன.

கிரைண்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. போட்டால் தெருவுக்கே கேட்கும். அவர் அரத்தை எடுத்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஒட்டாக, முதலில் முரட்டரம், பிறகு நைசரம், பிறகு உப்புத்தாள் என்று தேய்த்தார். ஒரு மணி நேரத்தில் இரண்டு விரல் கொப்புளித்தது. மூன்றாவது கம்பியில் ஒரு பிசிறு கட்டைவிரலைக் கிழித்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தார். தேய்த்து முடித்த ஒவ்வொரு கம்பியையும், எழுந்து நின்று, கண்ணை மூடி, நடக்கமுடியாத ஒரு ஆள் பிடிப்பதுபோல் முழுப்பாரத்தையும் போட்டுப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தார்.

பதினோரு கம்பி. கடைசியில் தரையைப் பெருக்கி, இரும்புத்தூளை வாரி வெளியே கொட்டினார். ரத்தம் பட்ட உப்புத்தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அரங்களைத் துடைத்து, இருந்த ஆணிகளிலேயே மாட்டினார். பூட்டி, சாவியை நிலைப்படிமேல் வைத்துவிட்டு, அவர்கள் திரும்பிவரும் பாதையைத் தவிர்த்துப் பின்தெரு வழியாக நடந்தார்.