எட்டுப் பங்கு போதும்

செய்கிச்சியின் எடை எண்பத்தொரு கிலோ என்று ஊர்க்கூடத்துத் தராசு காட்டியபோது வெட்கப்பட்டவள் அவர் மனைவி தோமிதான். அவருக்கு ஒன்றுமில்லை. "தராசு பழசு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஜப்பானின் ஒகினாவாத் தீவில் வடக்குக் கரைக் கிழவர்கள் தொண்ணூறு வயதிலும் ஒல்லியாக மலையேறுகிறவர்கள் என்று ஊர் உலகமெல்லாம் பேச்சு. தன் வீட்டில் மட்டும் எழுபத்து நாலு வயதில் இப்படி ஒரு பீப்பாயா என்று தோமிக்கு ஆற்றாமை. அதுவும் ஷிகுவாசா தோட்டக்காரர் வீட்டில்!

ஷிகுவாசா எலுமிச்சைக்குத் தம்பி முறை. பச்சைத் தோல், கடித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். அந்தத் தோலில் இருக்கும் ஏதோ ஒரு சத்து வயதானவர்களின் ஊளைச்சதையைக் கரைக்குமா என்று பார்க்கத்தான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தார்கள். ஊரில் அறுபது பேருக்கு மூன்று மாதம், காலையும் மாலையும் ஒரு மாத்திரை. பாதிப் பேருடைய மாத்திரைக் கூட்டுக்குள் தோல் பொடி, பாதிப் பேருக்கு வெறும் அரிசி மாவு. யாருக்கு எது என்பது கொடுக்கிற தாதிக்கே தெரியாது. வியாழன்தோறும் எடை பார்ப்பார்கள்.

தோமி நாற்பத்து நாலு கிலோ. அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தக் கோபத்தையெல்லாம் புருஷன் தட்டில் காட்டினாள். பாகற்காயும் டோஃபு என்கிற சோயாக் கட்டியும், ஊதாச் சர்க்கரைவள்ளி, கடற்பாசி. அவர் உயிரை விடும் பன்றி வயிற்றுக்கறிக்குத் தடை. வயிறு பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் எழுந்துவிட வேண்டும் என்பது அந்த ஊரில் பால்குடி மறந்ததும் கற்றுக்கொடுக்கிற பாடம். செய்கிச்சி ஆயுசு முழுக்கப் பன்னிரண்டு பங்கு தின்றவர்.

மூன்றாவது வாரம் ஒருநாள் அவர் கிண்ணத்தில் சோறு மீதி இருக்கும்போதே குச்சிகளைக் கீழே வைத்தார்.

"எட்டுப் பங்கு ஆச்சு."

தோமிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "அம்பது வருஷமா நான் கரடியாக் கத்தினது இப்பத்தான் காதுல ஏறுச்சா, கிழவரே?"

"மேட்டுல இருக்கிற காது. மெதுவாத்தான் ஏறும்."

வேறு ஊரில் ஒருவர் சோற்றை மீதி வைத்தால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். இந்த ஊரில் பாராட்டுவார்கள். போதும் என்றவரை இன்னொரு வாய் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவது இங்கே மரியாதைக் குறைவு. அதனால் ஆறாவது வாரம் அவர் பாதிக் கிண்ணத்தை ஒதுக்கியபோது தோமி சிரிக்கத்தான் செய்தாள்.

"இதுவும் எட்டுப் பங்கா?"

"வயிறு சுருங்கிருச்சு. சின்ன வயித்துக்கு இதுதான் எட்டு."

வியாழக்கிழமைகளில் தராசுக்குப் பக்கத்தில் தோமி காவலாளி மாதிரி நிற்பாள். எழுபத்தெட்டு. எழுபத்து நாலு. மூன்று மாதம் முடிந்த அன்று அறுபத்தெட்டு. கூடமே கைதட்டியது. அவருடைய பழைய கால்சட்டை இடுப்பை முன்னால் இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்து, கூடத்துச் சுவரில் ஏற்கெனவே இருந்த பழக்கூடைப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள்.

"காத்தடிச்சா புருஷனைப் பிடிச்சுக்கோடி" என்றாள் பக்கத்துத் தோட்டத்து உஷி அக்கா.

"வயிறெரியுதா அக்கா? கொஞ்சம் ஷிகுவாசா சாறு குடி, அடங்கும்!" தோமிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. அவள் முட்டாள் இல்லை. ஆனால் பார்க்க ஆசைப்பட்டதையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாவி.

ஒரு மாதம் கழித்து, பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பட்டியலைத் தாதி கூடத்தில் வாசித்தாள். யாருக்குத் தோல், யாருக்கு மாவு என்று ஒவ்வொரு பெயராக. செய்கிச்சி முதுகு வலிக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அவர் பெயர் வந்தது.

"அரிசி மாவு."

கூடம் கொல்லென்று சிரித்தது. "மாவு தின்னா இளைக்குமா? எனக்கும் ஒரு மூட்டை கொடுங்க!" என்று உஷி அக்கா கத்தினாள். தோமியும் சிரித்தாள். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. தாதி மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோமியும் திரும்பிப் பார்த்தாள். நாலு மாதமாகத் தினமும் பார்த்த கழுத்துத்தான். இன்றைக்குத்தான் எலும்பு தெரிந்தது.

"அம்மா, நாளைக்கே ஐயாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் தாதி, மெல்ல.

கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு நாள் கடந்துவிட்டது, புத்தாண்டு வரை இருந்தால் பெரிது என்றார் டாக்டர். எப்போதிலிருந்து சாப்பிட முடியவில்லை என்று அவர் கேட்டதற்குச் செய்கிச்சி தோமியின் முகத்தைப் பார்க்காமல், "கோடையிலிருந்து" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் தோட்டத்துப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எனக்கு முதல் வாரமே தெரியும், தோமி."

"எது?"

"உள்ள தோல் இல்லைன்னு. அந்தத் தோலைத் தின்னா அரை நாளைக்கு அதே ஏப்பம் வரும். இத்தனை வருஷம் அந்த மரத்தடியில கிடந்தவனுக்குத் தெரியாதா? வரலையேன்னு ஒண்ணைப் பிரிச்சு நாக்குல வச்சேன். மாவு."

"அப்ப எடை எதனால இறங்குதுன்னு தோணலையா?"

"தோணுச்சு. சாப்பிட்டா முதுகுல குத்தும்."

"ஏன்யா சொல்லலை? வாயில என்ன வச்சிருந்தீங்க?"

அவர் தோட்டத்தைப் பார்த்தபடி சொன்னார். "வியாழக்கிழமை தராசுகிட்ட நின்னு என்னைப் பார்ப்பியே, கல்யாணத்தன்னிக்குக்கூட நீ என்னை அப்படிப் பார்க்கலை. இன்னும் ஒரு வாரம் போகட்டும், இன்னும் ஒரு வாரம் போகட்டும்னு இருந்துட்டேன்."

தோமி அவர் தோளில் ஓங்கி அடித்தாள். கையில் எலும்புதான் பட்டது. அந்த எலும்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒவ்வொரு கிலோவுக்கும் தான் கைதட்டியது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் பன்றி வயிற்றுக்கறி வாங்கி வந்து, கறுப்புச் சர்க்கரையும் சோயாச் சாறும் விட்டு அடுப்பில் ஏற்றினாள். கொழுப்பு குச்சி பட்டால் பிளந்துகொள்ளும் பதத்துக்குப் பகல் முழுக்க வெந்தது. ஒரு துண்டைச் சின்னச் சின்னதாக நறுக்கி அவர் முன்னால் வைத்தாள்.

செய்கிச்சி முகர்ந்து பார்த்தார். ஒரு துணுக்கை வாயில் போட்டு வெகுநேரம் மென்று, கஷ்டப்பட்டு விழுங்கினார். பிறகு இரண்டு கைகளையும் கூப்பினார்.

"அருமை. எட்டுப் பங்கு ஆச்சு."

"ஆகலைங்க." தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தோமி போதும் என்றவரை வற்புறுத்தினாள். "இன்னும் ஒண்ணு. எனக்காக, ஒண்ணே ஒண்ணு."

அவர் மறுக்காமல் வாயைத் திறந்தார். அவள் ஊட்டினாள். அவர் தாடை இரண்டு முறை அசைந்தது, பிறகு அசையவில்லை. கறியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தின்றுவிட்டவர் போல அவளைப் பார்த்துச் சிரித்தார். அவர் அதைத் துப்பிக்கொள்ளட்டும் என்று, தோமி அடுப்பைப் பார்க்கப் போகிறவள் போல எழுந்து திரும்பி நின்றுகொண்டாள்.