செவ்வாய்க்கிழமைக்கு அனுப்பிய அடையாளம்

மெய்யியலில் சிறப்புப் பட்டம் எடுத்துக்கொண்டு தில்லையடிக்குத் திரும்பிய நிஃப்லா, முதல் வேலையாக இஸ்ஹாக் லெப்பையோடு சண்டை பிடித்தாள். வேறு வேலை கிடைக்காததும் ஒரு காரணம். லெப்பை வெள்ளைப் பீங்கான் தட்டில் குர்ஆன் வசனங்களைக் குங்குமப்பூ மையால் ஓதி எழுதிக் கொடுப்பார். காய்ச்சல்காரர்கள் அதைப் பன்னீர் விட்டுக் கழுவிக் குடிப்பார்கள். எழுத்தைக் குடித்தால் வருத்தம் மாறுமென்றால், கம்பஸ் நூலகத்தையே கரைத்துக் குடித்த தனக்கு ஒரு கிளாக்கர் வேலைகூட ஏன் மாட்டவில்லை என்று நடுறோட்டில் வைத்துக் கேட்டாள்.

லெப்பை கோபிக்கவில்லை. "நீ குடிச்சது செமிக்கல்ல போல, மகள்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த துணியோடு வந்த குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அதனால் ஊரில் எல்லாவற்றையும் திருத்தும் பொறுப்பு தனக்கு இருப்பதாக நினைத்தாள். அப்படி நினைத்தவள்தான் ஒன்றரை வருடத்தில் ரெய்கிக்காரி ஆனாள்.

எப்படி ஆனாள் என்பதை அவள் யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. நான்கு நேர்முகப் பரீட்சைகளில் நான்கு விதமாகச் சிரித்து அனுப்பினார்கள். பின்னேரங்களில் ட்யூஷன் பிள்ளைகளுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது, நித்திரை போயிற்று. கூடப் படித்தவள் ஒருத்தி கையைப் பிடித்துச் சிலாபத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே நிக்கொலஸ் என்ற ஓய்வுபெற்ற தபால் அதிபர், தன் வீட்டு விறாந்தையில் சனி ஞாயிறுகளில் ரெய்கி படிப்பித்தார். உள்ளங்கையால் சக்தியைக் கடத்தும் ஜப்பான் வைத்தியம். இரண்டாம் படிக்கு வந்தவர்களுக்கு மூன்று புனித அடையாளங்களைக் கொடுப்பார். உள்ளங்கையில் விரலால் கீற வேண்டும், பெயரை மூன்று தரம் மனதுக்குள் சொல்ல வேண்டும், வெளியாருக்குக் காட்டக் கூடாது, பாடமானதும் கடுதாசியை எரித்துவிட வேண்டும்.

முதலாவது சோ கு ரெய். சக்தியை ஓரிடத்தில் குவிக்கும். பார்த்தால் நுளம்புச் சுருளுக்குக் கைப்பிடி வைத்தது போல இருக்கும். இரண்டாவது செய் ஹே கி, மனதுக்கு. மூன்றாவது ஹொன் ஷா ஸே ஷோ நென். இருபதுக்கு மேல் கீறல்கள். தூரத்தில் இருப்பவருக்கும், இன்னும் வராத நாளுக்கும் சக்தியை அனுப்புவது அதன் பயன். நிக்கொலஸ் மாஸ்டர் அதைத் தன் உத்தியோக பாஷையிலேயே விளக்கினார். "பதிவுத் தபால் மாதிரி, பிள்ளை. அனுப்பினா மட்டும் காணாது. எடுக்கிற ஆளும் இருக்க வேணும்."

இதற்கும் லெப்பையின் பீங்கானுக்கும் என்ன வித்தியாசம் என்று நிஃப்லா தன்னையே கேட்டுக்கொண்டாள். பஸ் பாலாவியைத் தாண்டுவதற்குள் பதிலும் கண்டுபிடித்தாள். அது மூடநம்பிக்கை, இது ஜப்பான். ஜப்பானிலிருந்து வரும் பழைய வேன்களெல்லாம் ஓடத்தானே செய்கின்றன? இரண்டாம் வகுப்பு மேல்நிலையில் பட்டம் எடுத்தவளுக்குப் போதுமான தர்க்கம்தான் அது.

கடுதாசியை அவள் எரிக்கவில்லை. சீ.ஆர். கொப்பியில் பக்கம் பக்கமாகக் கீறிப் பழகினாள்.

முதல் நோயாளி நஃபீஸா சாச்சி, உம்மாவின் தங்கை. பாலாவி உப்பளத்தில் கூடை சுமப்பவள். வலது தோளைத் தூக்க முடியவில்லை என்று வந்தாள். நிஃப்லா அவளைக் கதிரையில் இருத்தி, தோளுக்கு மேலே நுளம்புச் சுருளைக் கீறினாள். அப்படியே ஒரு பேச்சும் பேசினாள். நம்பிக்கை தேவையில்லை, சக்தி தன் பாட்டில் வேலை செய்யும், அடையாளம் சாவி மாதிரி, கதவு திறந்தால் சரி. சாச்சி வாயைப் பிளந்து கேட்டாள். ஊரிலே அவள் பேச்சை முழுதாகக் கேட்ட முதல் ஆள் சாச்சிதான். அந்தச் சந்தோஷத்தில் நிஃப்லா கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, எந்த அடையாளம் எதற்கு என்று காட்டிக் கையிலேயே கொடுத்தும் விட்டாள்.

மறுநாள் மழை பிடித்தது. உப்பளம் மூன்று கிழமை மூடிக் கிடந்தது. சாச்சியின் தோள் சுகமாயிற்று. மழையை நிஃப்லா கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பகல், சாச்சி இன்னொரு தாள் கேட்டு வந்தாள். பழையது ஈரம் பட்டுப் பிய்ந்துவிட்டதாம். தாள் எப்படி ஈரமாகும் என்று நிஃப்லா கேட்டாள். சாச்சி வெட்கத்தோடு சொன்னதை அவள் இரண்டாம் தரமும் சொல்ல வைத்தாள். தினமும் சுபஹு தொழுதுவிட்டு, மேலே பிஸ்மில் எழுதி, கீழே அந்த மூன்று அடையாளங்களையும் பீங்கானில் குங்குமப்பூ மையால் பார்த்து எழுதி, கழுவிக் குடிக்கிறாள். வலமிருந்து இடமாகத்தான் எழுதுகிறாள், புனிதமான எழுத்தல்லவா.

நிஃப்லாவுக்குச் சிரிப்பு வந்தது. தோள் சுகமான பிறகும் என்னத்துக்குக் குடிக்கிறாய் என்று கேட்டாள்.

சாச்சி கதவைச் சாத்தினாள். நிஃப்லாவின் கையைப் பிடித்துத் தன் இடது மார்பின் ஓரத்தில் வைத்தாள். ஈச்சங்கொட்டை அளவில் ஒன்று, கல்லுப் போல, விரலுக்குக் கீழே கிடந்தது.

"இதுக்குத்தான், புள்ள. லெப்பைக்கிட்டத்தான் முதல் போனன். கட்டியெண்டா முதல்ல டாக்டருக்குக் காட்டு, பொறகு எழுதித் தாறன் எண்டுட்டார். அதான் உன்ட கடுதாசி."

நடுறோட்டில் தான் ஏசிய மனிதர் மறுத்ததை, ஏசியவளே தாள் கிழித்துக் கொடுத்திருக்கிறாள். நிஃப்லா கத்தினாள். சாச்சியைப் பார்த்துக் கத்தினாலும், ஏச்செல்லாம் சுற்றிச் சுற்றித் தன் தலையிலேயே விழுந்தது. இரண்டு மாதம். அந்தக் கட்டி என்னவென்று ஆருக்குத் தெரியும்? அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். சாச்சி மாட்டேன் என்றாள். பக்கத்து வளவு ஜபாரின் மனைவி கட்டியைக் காட்டப் போனாள், வெட்டினார்கள், இரண்டு மாதத்தில் மௌத்து. போகாமல் இருந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பாளாம்.

அவள் பிந்திப் போனதால்தான் அப்படி என்று நிஃப்லா விளக்கினாள், எடுபடவில்லை. கடைசியில் தன் மானத்தையே விற்றாள். அடையாளமும் இல்லை ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை, நாலு நாள் வகுப்பில் படித்த கீறல், உன் தோளைச் சுகமாக்கியது மழை என்றாள்.

சாச்சி பாசத்தோடு சிரித்தாள். "கண்ணூறு படுமெண்டு மறைக்கிறாய். லெப்பையும் இப்புடித்தான், என்ட கையில ஒண்டுமில்ல, அல்லாஹ்ட நாட்டம் எண்டுவார்."

அன்று பின்னேரம் ட்யூஷன் பிள்ளைகளைப் பாதியில் அனுப்பிவிட்டு, நிஃப்லா கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். சாவி என்று சொன்னது தான்தானே? அப்படியானால் கதவைத் தேடுவதும் தன் வேலைதான்.

காலையில் சாச்சியின் வீட்டுக்குப் போனாள். பீங்கானுக்குரியவை முதல் இரண்டும்தான் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள். மூன்றாவது அடையாளம் குடிக்கிறதில்லை, அனுப்புகிறது. அதை வருகிற செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அனுப்பியாயிற்று. கட்டிக்கான முழுச் சக்தியும் அங்கே வந்து கிடக்கும்.

சாச்சி சந்தேகமாகப் பார்த்தாள். "இஞ்ச அனுப்ப ஏலாதா?"

"விலாசம் எழுதி அனுப்பியாச்சு சாச்சி. பதிவுத் தபால் மாதிரி. உரிய ஆள் போய் எடுக்காட்டி, திரும்பிப் போயிடும்."

வாழ்நாளில் ஒரு பருக்கை சோற்றை வீசாதவள் நஃபீஸா சாச்சி. தன் பெயருக்கு வந்த சாமான் திரும்பிப் போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கே கறுப்பு அபாயாவும் வெத்திலைப் பையுமாகப் பஸ் தரிப்பில் நின்றாள்.

கிளினிக்கில் சாச்சியை உள்ளே கூப்பிட்டதும் நிஃப்லா வெளியே மர வாங்கில் காத்திருந்தாள். தான் செய்தது பச்சைப் பொய் என்று அவளுக்குத் தெரியும். மெய்யியல் சிறப்புப் பட்டத்தில் பொய்யைப் பற்றி ஒரு முழுப் பாடமே இருந்தது. அப்படி இருந்தும் அவள் வலது விரல் இடது உள்ளங்கையில் மூன்றாவது அடையாளத்தைக் கீறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் கீறலில் மறந்துபோய், முதலிலிருந்து தொடங்கினாள். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் கையில் சொறியா என்று அக்கறையாகக் கேட்டாள்.

முக்கால் மணித்தியாலம் கழித்துச் சாச்சி வெளியே வந்தாள். பொம்பளை டாக்டர்தானாம், நல்ல பிள்ளையாம். பேனையால் நெஞ்சில் ஒரு வட்டம் கீறி, அதில் ஊசி விட்டு எடுத்தாளாம். இரண்டு கிழமையில் முடிவு வருமாம். என்னவென்றாலும் இப்போது வந்தது நல்லதென்றாளாம்.

"சாமான் வந்திரிந்ததா சாச்சி?"

"ஓம் புள்ள, வந்திரிந்திச்சி." சாச்சி கைப்பையைத் தோளில் மாட்டினாள், அந்தச் சுகமான தோளிலேயே. "ஊசிக்கு முன்ன ஒரு ஃபாரம் தந்தாங்க. கையெழுத்து வெச்சிட்டுத்தான் எடுத்தன்."

பஸ்ஸுக்கு நடக்கும்போது அவள் திரும்பிக் கேட்டாள், முடிவு வருகிற செவ்வாய்க்கும் அனுப்பியாயிற்றா என்று.

நிஃப்லா ஓம் என்றாள். பிறகு, அது பொய்யாகப் போய்விடக் கூடாதென்று, கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு கீறத் தொடங்கினாள்.