சின்ன வீட்டுக்கு விலை குறைவு

அந்தத் தெருவில் மூன்று மாடி, நான்கு மாடி என்று எத்தனையோ கட்டடங்கள் முளைத்துவிட்டன. ஆனாலும் 'பெரிய வீடு' என்று சொன்னால் மூலையில் இருக்கும் அந்த ஒற்றை மாடி வீட்டைத்தான் குறிக்கும். வீட்டுக்காரர் சுங்க இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குனிந்து யாரும் பார்த்ததில்லை. பேனா கீழே விழுந்தால்கூட, யாராவது எடுத்துக் கொடுக்கும்வரை நிமிர்ந்து நின்று அதை முறைப்பார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டை நடத்துவது அவருடைய அக்கா. தம்பியின் முதுகு எவ்வளவு நேரோ, அக்காவின் நாக்கு அவ்வளவு கூர்மை.

அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மகனைச் சின்ன வயதிலேயே வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுதியில் சேர்த்துவிட்டார். அவன் அங்கேயே படித்து, கோழி வறுத்து விற்கும் ஒரு கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்தான். உலகம் பூராவும் கிளை வைத்திருக்கும் கம்பெனி. எந்த நாட்டுக் கடையில் எந்தப் பெட்டிக்கு என்ன பெயர், என்ன விலை என்று எழுதுவது அவன் வேலை.

"எந்த நாட்டுக்காரன் எதைத் தின்னணும்னு என் பையன் கையெழுத்துப் போட்டாத்தான் எண்ணெயே காயும்" என்று பெரியவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"கையெழுத்துப் போடுவான். முட்டை உடைக்கச் சொன்னா ஓட்டையும் சேர்த்துத்தான் போடுவான்" என்பாள் அக்கா.

அந்தக் கம்பெனி பெரியவரின் ஊரிலும் கிளை திறந்தது. மகனுடைய சிபாரிசில் அவரையே நாடா வெட்டக் கூப்பிட்டார்கள். தெருவே திரண்டு வந்தது. அவர் நாடாவை வெட்டினார்; கடைக்குள் விலைப்பலகையை மூடியிருந்த துணி விழுந்தது.

அந்தக் கம்பெனியின் கோழிப் பெட்டிகள் பார்ப்பதற்கு வீடு மாதிரி இருக்கும். கூரை, கதவு, சன்னல் எல்லாம் அட்டையில் அச்சடித்திருப்பார்கள். அவர்கள் நாட்டில் பெரிய பெட்டிக்கு 'பிக் ஹவுஸ்', சின்னதற்கு 'லிட்டில் ஹவுஸ்' என்று பெயர். மகன் அதைத் தாய்மொழியில் எழுதித் தந்திருந்தான். பலகையில் ஆளுயர எழுத்தில் இருந்தது: 'பெரிய வீடு. குடும்பத்தோடு சாப்பிட.' அதற்குப் பக்கத்தில்: 'சின்ன வீடு. தனியாகப் போகிறவர்களுக்கு. விலை குறைவு, சந்தோஷம் குறையாது.'

கைதட்டப் போன கூட்டம் பாதியில் நின்றது. பிறகு பின்வரிசையில் யாரோ ஒருவன் தும்முவது போலச் சிரித்தான். தெருமுனைத் தையல்காரர் முகத்தை ரொம்பப் பணிவாக வைத்துக்கொண்டு கேட்டார்: "ஐயா, பெரிய வீடு உங்களோடதுன்னு ஊருக்கே தெரியும். இதுவும் உங்களோடதுதானா?"

பெரியவர் கத்தரிக்கோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்ததும் மகனைத் தொலைபேசியில் பிடித்தார்.

"என்னடா எழுதி வச்சிருக்கே?"

"ஏம்பா, எழுத்துப் பிழையா?"

"பிழையா இருந்தாத் தேவலையே. சின்ன வீடுன்னு எழுதியிருக்கே."

"லிட்டில்னா சின்ன. ஹவுஸ்னா வீடு. சரிதானே?"

"சரிதான். ஆனா அப்படிச் சொல்லக் கூடாது."

"ஏன்?"

பெரியவர் வாயைத் திறந்தார். பெற்ற பிள்ளைக்கு அதை எந்த வாயால் விளக்குவது? அக்கா போனைப் பிடுங்கினாள். "டேய், கட்டின பொண்டாட்டி இருக்கற வீட்டுக்குத் தெரியாம ஒருத்தன் இன்னொருத்திய வச்சுக் காப்பாத்தறான்ல, அதுக்குப் பேருதான் சின்ன வீடு. தனியாப் போறவங்களுக்குன்னு வேற போட்டிருக்கே. வெவரமாத்தான் எழுதியிருக்கே, போ."

மறுமுனையிலிருந்து "அய்யய்யோ அத்தை" என்று மட்டும் வந்தது. பலகையை மாற்ற மேலிடத்து அனுமதி வேண்டும், ஒரு வாரமாவது ஆகும் என்றான்.

ஒரு வாரம் என்றதும் பெரியவர் நாட்காட்டியைப் பார்த்தார். மறுநாள்தான் மகளுடைய சம்பந்தத்தைப் பேசி முடிக்க மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா வேறொரு நாட்டில் பேர் வாங்கிய வக்கீல். "எங்களுக்குக் கௌரவம்தான் முக்கியம்" என்பதை மூச்சுக்கு மூச்சு சொல்கிறவர். கௌரவம் என்றால் எது என்றும் தெளிவாகச் சொல்லியிருந்தார்: இருப்பதிலேயே பெரிய மண்டபம், செலவு முழுக்கப் பெண் வீட்டார். "அங்கே மாப்பிள்ளைக்கு இருக்கற மதிப்புக்கு இது குறைவுதான்" என்றும் சொல்லியிருந்தார். பெரியவர் அதற்கும் தலையாட்டியிருந்தார். இந்தப் பலகையைப் பார்த்து வக்கீல் 'உங்க குடும்பம் கேலிக்கூத்தா இருக்கே' என்று எழுந்து போய்விட்டால்? நிச்சயம் வரை வந்து நின்ற பெண் என்ற பேச்சு மகளுக்கு மிஞ்சும். பெரிய வீட்டின் பெயர் சந்தி சிரிக்கும்.

மறுநாள் சாயங்காலம் வக்கீலும் அவர் மனைவியும் வந்தார்கள். வக்கீல் நிறையப் பேசினார். வக்கீலம்மா பேசவே இல்லை. மகள் கொடுத்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"சம்பந்தி, உங்க பையன் கம்பெனிக் கடை இங்க திறந்திருக்காமே. போய்ப் பாத்துட்டு வரலாமா?"

பெரியவருக்குக் காப்பி புரையேறியது. "அங்க எதுக்கு? கூட்டம். எண்ணெயும் அவ்வளவு சுத்தமில்ல."

"உங்க பையன் கையெழுத்துப் போட்ட எண்ணெயாச்சே."

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு வழியில்லாமல் எல்லோரும் கிளம்பினார்கள்.

கடையில் பெரியவர் பலகைக்கு நேராகப் போய் மார்பை விரித்து நின்றார். பலகையோ அவர் தலைக்கு மேலே இருந்தது. வக்கீல் அதை அண்ணாந்து படித்தார். அவர் முகம் சுண்டியது.

"இதென்ன அசிங்கம்?"

தன் பிள்ளைக்குத் தாய்மொழி தெரியாது என்று ஒப்புக்கொள்வதா, பழியை யார் தலையிலாவது போடுவதா? பெரியவர் இரண்டையும் விட்டுவிட்டு முதுகை நிமிர்த்தினார்.

"இதுல என்ன அசிங்கம்? வீடு சின்னதா இருந்தா அது சின்ன வீடு. மனசு சுத்தமா இருக்கறவனுக்கு அட்டைப் பெட்டிதான் தெரியும்."

"ரொம்பச் சரி" என்றாள் வக்கீலம்மா. "அப்ப நீங்களே கேட்டு வாங்குங்க சம்பந்தி."

மாட்டிக்கொண்டார். கல்லாவில் நின்ற பெண்ணிடம் போய், "ரெண்டு பெரிய வீடு. அப்புறம் ஒரு... அந்த இன்னொண்ணு" என்றார்.

"எந்த இன்னொண்ணு சார்? பேரச் சொன்னாத்தான் மிஷின்ல ஏத்த முடியும்."

"அதான்மா, பக்கத்துல இருக்கே."

"தண்ணியா சார்?"

"சின்ன வீடு" என்றார் பெரியவர். மெதுவாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். சுங்க இலாகாவில் கப்பல்காரர்களை அதட்டிப் பழகிய குரல் அது. கடை முழுக்கக் கேட்டது. சற்று நேரத்தில் ஒலிபெருக்கி அவரைக் கூப்பிட்டது: "பெரிய வீட்டு ஐயா, உங்க சின்ன வீடு ரெடியா இருக்கு. சூடு ஆறறதுக்குள்ள வந்து கூட்டி... ஸாரி, எடுத்துட்டுப் போங்க."

மேசைக்கு மேசை சிரிப்பு பரவியது. அக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மகள்கூடத் தலையைக் குனிந்து தோள் குலுங்கினாள். சிரிக்காதவர் வக்கீல் ஒருவர்தான். அவர் நெற்றி வேர்த்திருந்ததைப் பெரியவர் கவனித்தார். சுங்கத்தில் இருந்தவருக்கு அந்த வேர்வை தெரியும். பெட்டியைத் திறக்கச் சொல்வதற்கு முன்னாலேயே வேர்க்கிறவன் பெட்டியில் ஏதாவது இருக்கும்.

வக்கீலம்மா சின்னப் பெட்டியைத் தன் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள். "இங்க ரொம்ப மலிவு. எங்க நாட்டுல இதே சின்ன வீட்டுக்கு என்ன விலைங்க?"

"தெரியாது" என்றார் வக்கீல்.

"உங்களுக்கா தெரியாது? வாடகை தனி, கரண்டு தனி. போன வருஷத்துலேர்ந்து அந்தப் பொடிசுக்கு ஸ்கூல் ஃபீஸ் வேற."

"வாய மூடு."

"விலையத்தானே சொன்னேன்."

அந்தப் பலகையின் படத்தை யாரோ போனில் அனுப்பியதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த அம்மாள் இங்கே வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள் என்பது பெரியவருக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமாகத் தொண்டையில் நின்ற சொல்லை ஊரார் நடுவில் உரக்கச் சொல்ல அவளுக்கு ஒரு பலகை கிடைத்திருக்கிறது.

வக்கீல் எழுந்து, பெரியவரின் தோளில் கைபோட்டுக் கை கழுவும் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் பேசினார்.

"பொம்பளைங்க பேச்சு, விடுங்க. இது உங்களோடயும் என்னோடயும் இருக்கட்டும். மண்டபச் செலவை ஆளுக்குப் பாதியா வச்சுக்கலாம்."

பெரியவர் தோளிலிருந்த கையைப் பார்த்தார்.

"சரி, முழுக்க நானே பாத்துக்கறேன். போதுமா?"

நேற்று போன் வைப்பதற்கு முன் மகன் ஒன்று சொல்லியிருந்தான்: "கோழியும் ஒண்ணுதான், எண்ணெயும் ஒண்ணுதான்பா. எந்த ஊர்ல எவ்வளவு கறக்க முடியும்னு பாத்துத்தான் விலை போடுவோம்." அப்போது அது வியாபாரப் பேச்சாகத்தான் பட்டது. இப்போது கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, தான் எந்த ஊர் விலைக்குத் தலையாட்டினோம் என்று பெரியவர் நினைத்துப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

அவர் குழாயை மூடினார்.

"முன்னாடி நீங்க சொன்ன விலை அதிகம்னு தெரிஞ்சும் ஒத்துக்கிட்டேன். பொண்ணப் பெத்தவன். இன்னைக்கு நீங்க குறைக்கறது தள்ளுபடி இல்ல, என் வாய்க்குப் போடற பூட்டு. எங்க வீட்ல வாய விக்கறதில்ல."

மேசைக்குத் திரும்பி வந்து மகளைப் பார்த்தார். "மாப்பிள்ளைப் பையன் அவங்கப்பாவைப் பத்தி உங்கிட்ட ஏதாவது சொல்லியிருக்கானாம்மா?"

"சொன்னார்ப்பா. அப்பா கேஸ் விஷயமா வாரத்துல பாதி நாள் வெளியூர்ல தங்குவார், அம்மாவுக்கு அது பழகிடுச்சுன்னார்." மகள் வக்கீலம்மாவைப் பார்த்தாள். "சொல்லும்போது சிரிச்சார்."

"சிரிச்சானா?"

"ஆமாம்ப்பா. எனக்கு இந்த இடம் வேண்டாம்."

"வேண்டாம்" என்றார் பெரியவரும், வக்கீல் பக்கம் திரும்பி. அவ்வளவுதான்.

வக்கீல் கொஞ்ச நேரம் சட்டம் பேசினார், பிறகு மானம் பேசினார். கேட்க ஆளில்லாததால் மனைவியை எழுந்திருக்கச் சொன்னார். அவள் கோழித் துண்டைப் பிய்த்துக்கொண்டே, "நீங்க போங்க. உங்களுக்குத்தான் தனியாப் போய்ப் பழக்கமாச்சே" என்றாள். அவர் வாடகைக் கார் பிடித்து ஹோட்டலுக்குப் போய்விட்டார்.

பெட்டி காலியானதும் அவள் காகிதத்தால் விரல்களைத் துடைத்தாள். அதுவரை நேராக இருந்த குரல் அப்போது கொஞ்சம் இறங்கியது.

"ஹோட்டல்ல ஒரே ரூம்தான். விமானம் மூணு நாள் கழிச்சு. உங்க வீட்ல தங்கிக்கலாமா?"

பெரியவர் வாசலைப் பார்த்தார். கடைக்கு வெளியே தையல்காரரும் இன்னும் நாலு பேரும் போகாமல் நின்றிருந்தார்கள். நேற்று அந்தப் பலகை, இன்று ஒலிபெருக்கி. இப்போது புருஷனை அனுப்பிவிட்ட ஒரு பெண்பிள்ளையை, மனைவி இல்லாத மனிதர் வீட்டுக்குக் கூட்டிப் போவதா? நாளைக்கு ஊர் வாய் என்ன பேசும் என்று அவருக்கு எழுத்துக்கு எழுத்துத் தெரியும்.

"என்னடா யோசனை? மரியாதை மரியாதைன்னு வருஷக்கணக்கா அடைகாத்தியே, ஒரு நாளாவது அது குஞ்சு பொரிக்கட்டும்" என்றாள் அக்கா.

பெரியவர் எழுந்தார். கூப்பிட வாயெடுத்த பிறகுதான் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. சம்பந்தி என்ற முறை கை கழுவும் தொட்டியோடு போய்விட்டது. அம்மா என்றால் அந்நியம். ஒரு கணம் தடுமாறியவர், வாசலில் நிற்பவர்கள் காதில் விழட்டும் என்றே கப்பல்காரர்களை அதட்டும் குரலில் சொன்னார்:

"வா தங்கச்சி, வீட்டுக்குப் போகலாம்."

தையல்காரர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.