அலுவலகத்தை அழுத்திப் பிடித்தவர்

சனிக்கிழமை விடிந்ததும் அந்த மூன்று மாடிக் காப்பீட்டு அலுவலகம் தரையை விட்டு இரண்டு சாண் மேலே எழும்பிவிடும். மற்ற நாட்களில் உள்ளே இருப்பவர்களின் கவலைதான் அதைக் கீழே பிடித்து வைத்திருந்தது. லீவு நாளில் கவலைப்பட ஆளில்லாததால் கட்டடம் கிளம்பியது. ஒரு வாரம் அது பக்கத்துத் தெரு தையல் கடைமேல் போய் உட்கார்ந்துகொள்ள, நஷ்டஈடு கேட்கத் தையல்காரர் அந்த அலுவலகத்துக்கே ஏறிப் போக வேண்டியதாயிற்று. மணல் மூட்டை, இரும்பு பீரோ எதுவும் பலிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மனிதன் படுகிற பதற்றத்துக்கு இருக்கும் கனம் உலகத்தில் வேறு எதற்கும் கிடையாது என்று கடைசியில் மேலாளர் கண்டுபிடித்தார். வாசலில் பலகை தொங்கியது: சனி, ஞாயிறு மட்டும். கை நிறையச் சம்பளம். முன் அனுபவம் இருக்கவே கூடாது.

ஆட்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வேலை சும்மா உட்கார்ந்திருப்பதுதான். முதல் வாரம் கட்டடம் ஆணி அடித்த மாதிரி நின்றது. மூன்றாவது வாரம் அவர்களுக்கு இடம் பழகிப்போய், காலை நீட்டிக்கொண்டு செல்போன் பார்த்தார்கள், கட்டடம் தள்ளாடியது. அனுபவம் வந்தவனுக்கு அன்றோடு வேலை போயிற்று.

அலுவலகம் இருந்த தெருவின் கோடியில் குடியிருந்த ஒருவரை எல்லாரும் புதுசு என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வேலையில் எத்தனை மாதம் இருந்தாலும் அவருக்கு அது முதல் நாள்தான். ரொட்டிக் கடையில் சேர்ந்து அரை வருஷம் கழித்தும் அடுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டவர். சோம்பேறி இல்லை, பாவம். பதற்றத்தில் எதுவும் மண்டையில் ஏறாது. ஆஸ்பத்திரியில் துணி வெளுத்துக் குடும்பத்தை ஓட்டிய மனைவி ஒரு நாளும் அவரைத் திட்டியதில்லை. ஆனால் யாராவது வந்து வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால், "வெளிய போயிருக்கார்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். கதவுக்குப் பின்னால் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும் அவருக்கு அது சுருக்கென்று தைக்கும். தன்னைப் பற்றி அவள் ஒரு முறையாவது பெருமையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

"முன்னாடி எங்கயாவது வேலை பாத்திருக்கீங்களா?" என்று, பலகையைப் பார்த்துவிட்டு வந்து நின்ற அவரிடம் கேட்டார் மேலாளர்.

"நிறைய இடத்துல சார்."

"அப்ப சரிப்படாதே."

"ஆனா எதுவும் கத்துக்கல சார்."

சொல்லிவிட்டு அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்ததும் வாசற்படி ஒன்று மண்ணுக்குள் இறங்கியது.

ஏழு வருஷம் கட்டடம் இம்மி அசையவில்லை. மனைவி ஒரு வார வேலைக்கு வாங்குவதை அவர் இரண்டே நாளில் வாங்கினார். ஆனாலும் அவள், "வெளிய போயிருக்கார்" என்றுதான் சொன்னாள். சும்மா உட்கார்வதை வேலை என்று எப்படிச் சொல்வது என்று அவளுக்குக் கூச்சம்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் கை, பார்க்காமலே மின்விசிறி சுவிட்சைப் போட்டது. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. பதறிப் பார்த்தார், பதற்றம் வரவில்லை. நாற்காலி எழும்பியது, அவர் அதற்கும் மேலே எழும்பினார், கட்டடம் கூடவே கிளம்பியது. தலை கூரையில் இடிக்க ஜன்னலுக்கு நீந்திப் போய் எட்டிப் பார்த்தார். கீழே மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தாள்.

"போச்சு! வேலை எனக்குப் பழகிப்போச்சு!" என்று கத்தினார். அழுகையே வந்துவிட்டது.

அவள் அண்ணாந்து பார்த்தாள். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "எங்க வீட்டுக்காரருக்கு வேலை பழகிடுச்சாம்!" என்று கூவினாள். சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மறுபடி கூவினாள்.

கட்டடம் அதற்குப் பிறகு இறங்கவே இல்லை, வார நாட்களின் கவலையெல்லாம் சேர்ந்தும் அதைக் கீழே இழுக்க முடியவில்லை. ஊழியர்கள் ஏணி வைத்து ஏறினார்கள், காப்பீடு வழக்கம்போல் நடந்தது. மேலாளர் பலகையைக் கழற்றிவிட்டார். மிதக்கிற அலுவலகத்தை நடத்த அனுபவமுள்ள ஆள் வேண்டும். ஊரில் அது ஒருவருக்குத்தான் இருந்தது. இப்போது வாரம் முழுக்க வேலை. யாராவது வந்து வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால் மனைவி தூக்கைக் கயிற்றில் கட்டிக்கொண்டே மேலே கை காட்டுகிறாள்.

"வேலையில இருக்கார்."