பொட்டு வைக்க இடமில்லாத மவுஸ்

"இன்னொரு தடவ குறி தப்புச்சு, டீமை விட்டுக் கெளம்பிரு மாப்ள" என்று கேப்டன் அழகுபாண்டி சொல்லிவிட்டான். சாயங்காலம் ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. ஆனையூர் குருபிரசாத் விலை மலிவான வயர் மவுஸ் இரண்டை வாங்கி வந்து வைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்து ஒப்பிட உட்கார்ந்தான்.

ஒன்றில் கல்யாண மண்டபம் மாதிரி சீரியல் விளக்கு. தள்ளினால் அம்மிக்குழவிக் கனம். மற்றொன்றுக்குக் கனம் குறைக்க முதுகெல்லாம் ஓட்டை, இடியாப்பத் தட்டேதான். கையில் இருப்பதே தெரியாத லேசு. ஆனால் எப்படி இழுத்தாலும் திரையில் அம்பு நகரவே மாட்டேன் என்றது.

கடைக்காரனைத் திட்டிக்கொண்டே மவுஸைக் கவிழ்த்தான். அடியில் இருந்த சென்சாரின் மேல் அப்பிய சந்தனம், நடுவில் குங்குமம்.

"பிருந்தா!"

மனைவி எட்டிப் பார்த்தாள். "புதுப் பொருளுக்குப் பொட்டு வைக்காம விடுவாங்களா? முதுகுல எங்கங்க இடம் இருக்கு, அம்புட்டும் ஓட்டை! அதான் வயித்துல வச்சேன்."

துடைத்ததும் அம்பு சிட்டாகப் பறந்தது. சாயங்காலம் ஒரு குறிகூடத் தப்பவில்லை.

"எந்த மவுஸ் மாப்ள?" வீடியோ காலில் அழகுபாண்டி வாயைப் பிளந்தான்.

குருபிரசாத் பதில் சொல்வதற்குள் பிருந்தா கேமராவுக்குள் தலையை நீட்டினாள்.

"மவுஸுல என்னண்ணே இருக்கு? எல்லாம் நான் வச்ச பொட்டு!"